குழந்தையை இழந்தவர்கள் இணையத்தில் துணை தேடும்போது

நான் பார்த்துக்கொள்ளும் இணையக் குழுவில் சேர விண்ணப்பிக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும். 'உங்களைப் பற்றி இரண்டு வரி' என்று கேட்டிருப்போம். அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரு கேள்விதான். "எங்களுக்குப் பத்தாவது வாரத்துலயே கலைஞ்சிடுச்சு. மத்தவங்க மாதிரி பெரிய இழப்பு இல்ல. நான் சேரலாமா?" 22 வாரத்தில் இழந்தவர் நிறைமாதத்தில் இழந்தவரை நினைத்துத் தயங்குகிறார். நிறைமாதத்தில் இழந்தவர், என்ஐசியு எனப்படும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு இழந்தவரை நினைத்து ஒதுங்குகிறார். அந்த என்ஐசியு அம்மாவோ, "எனக்காவது தூக்கிப் பார்க்கக் கிடைச்சுது" என்று எழுதுகிறார். எல்லோருக்கும் நான் அனுப்பும் பதில் ஒன்றுதான். தாராளமாக வாருங்கள். உங்கள் இழப்பை அளக்க வேண்டாம். அளந்து பார்க்க வேண்டியது நீங்கள் சேரப்போகும் குழுவை.

எங்கள் மகள் 37-வது வாரத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தாள். அவளுடைய அப்பாவாகத்தான் இந்தக் குழுவுக்குள் வந்தேன், பிறகு அதைக் கவனித்துக்கொள்கிறவர்களில் ஒருவனாக ஆனேன். சேர வருகிறவர்களின் விண்ணப்பத்தைப் படிப்பேன், வீடியோ கூட்டங்களில் உட்காருவேன், வரம்பு மீறும் பதிவுகளை எடுத்துவிடுவேன். டாக்டரோ கவுன்சலரோ இல்லை. வாசலில் நின்று பார்த்ததில், எது ஆளைத் தாங்குகிறது, எது இன்னும் நொறுக்குகிறது என்று கொஞ்சம் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தயக்கத்தைப் பற்றி. 1989-ல் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா, சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். நம்முடையது அந்த வகை. குழந்தையை வேறு யாரும் பார்த்ததில்லை, அதன் குரலைக் கேட்டதில்லை, சில சமயம் பெயர்கூட வைத்திருக்க மாட்டோம். அதனால் மற்றவர்கள் அதைச் சாவாகக் கணக்கில் எடுப்பதில்லை. "நல்லவேளை, ஆரம்பத்துலயே போச்சு", "அடுத்தது சீக்கிரம் தங்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பேச்சையே நாமும் உள்ளே வாங்கிக்கொள்கிறோம். ஆனால் நிஜம் வேறு. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கருச்சிதைவில் முடிகின்றன. 28 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறக்கும் குழந்தைகள் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம். 2022-ல் மட்டும் பிறந்த 28 நாட்களுக்குள் சுமார் 23 லட்சம் குழந்தைகள் இறந்தன. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப மாதங்களில் கருவை இழந்த 650-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களில் 29 சதவீதம் பேருக்கு, பெரிய விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவது போன்ற அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு அது போகவில்லை. 'ஆரம்பத்துலயே போனது'தான் இது. ஆகவே அந்தப் பெட்டியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுத வேண்டாம்.

குழு தேடுவதற்கு முன் போனைச் சரிசெய்யுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆறுதல் தேடி போனைத் திறப்பீர்கள். ஆறுதல் கிடைக்கும் முன், 'உங்கள் குழந்தை இப்போது ஒரு பப்பாளி அளவு' என்று ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து நிற்கும். முடிந்தால் இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள். தங்கையோ, நண்பரோ, நம்பிக்கையான ஒருவர் கையில் போனைக் கொடுத்து இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

கர்ப்பகால ஆப்பை உடனே அழித்துவிட வேண்டாம். ஸ்கேன் படங்கள், வயிற்றைப் பிடித்து எடுத்த போட்டோக்கள், குழந்தை அசைந்ததைக் குறித்து வைத்தது எல்லாம் அதற்குள் இருக்கலாம். இன்று அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம், ஆனால் ஒருநாள் தேடுவீர்கள். முதலில் அவற்றை வேறு இடத்தில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்து ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய், கர்ப்பம் முடிந்துவிட்டது அல்லது இழப்பு நேர்ந்தது என்று குறிக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆப்களில் இருக்கிறது. அதைச் செய்யாமல் ஆப்பை மட்டும் எடுத்துவிட்டால் வாராந்தர மின்னஞ்சல்கள் தொடர்ந்து வரும், பிரசவத் தேதி தாண்டியபின் 'வாழ்த்துகள்' என்றும் வரும். பிறகு மின்னஞ்சலில் ஒவ்வொன்றாகத் திறந்து 'அன்சப்ஸ்கிரைப்' கொடுக்க வேண்டும். கடைகளின் தளத்தில் குழந்தைக்கென்று சேர்த்து வைத்த பட்டியல் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம்.

விளம்பரங்கள் இன்னும் பிடிவாதமானவை. 2018 டிசம்பரில், குழந்தையை இறந்து பிரசவித்த அமெரிக்கப் பத்திரிகையாளர் கில்லியன் ப்ராக்கெல், தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். நான் கர்ப்பமாக இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களுக்கு, என் குழந்தை இறந்ததைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். கூகுள் கணக்கின் 'மை ஆட் சென்டர்' பகுதியில் 'சென்சிடிவ்', அதாவது மனதைப் பாதிக்கக்கூடிய தலைப்புகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2022-ல் அதில் கர்ப்பமும் குழந்தை வளர்ப்பும் சேர்க்கப்பட்டன. அதை அணைத்து வையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் விளம்பர விருப்பங்களுக்குள் போய், குழந்தை வளர்ப்பு பற்றியவற்றைக் குறைவாகக் காட்டச் சொல்லலாம். முழுதாக நிற்காது, குறையும். போட்டோ ஆப்கள் 'சென்ற ஆண்டு இதே நாளில்' என்று தாமாக எடுத்து நீட்டும் நினைவுகளிலிருந்து குறிப்பிட்ட தேதிகளை மறைத்து வைக்கவும் வழி இருக்கிறது.

செய்தியைச் சொல்லும் வேலையையும் அதே ஆளிடம் கொடுங்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் போட இரண்டு வரி போதும்: 'எங்கள் குழந்தை இறந்துவிட்டது. இப்போது போனில் பேச முடியாத நிலையில் இருக்கிறோம், நாங்களே கூப்பிடுகிறோம்.' காரணம் எழுத வேண்டாம். எழுதினால் ஆளாளுக்கு அதைப் பற்றிக் கேட்டு, விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும்.

எங்கே தேடுவது

இதற்கென்றே நடத்தப்படும் அமைப்புகளிலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்தின் 'சாண்ட்ஸ்' 1978-லிருந்து, இறந்து பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்காகவும் பிறந்தவுடன் குழந்தையை இழந்தவர்களுக்காகவும் இயங்குகிறது. அங்கேயே 'மிஸ்கேரேஜ் அசோசியேஷன்' 1982-லிருந்து கருச்சிதைவு, கருப்பைக்கு வெளியே தங்கிய கரு, முத்துக்கரு (கரு சரியாக வளராமல் நஞ்சுத் திசு கொத்தாகப் பெருகும் 'மோலார்' கர்ப்பம்) ஆகியவற்றுக்காக இயங்குகிறது. அமெரிக்காவில் 1987-ல் தொடங்கிய 'போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல்' இணையத்தில் இலவசக் குழுக் கூட்டங்கள் நடத்துகிறது. 1969-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தொடங்கிய 'தி கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்' எந்த வயதுக் குழந்தையை இழந்த பெற்றோருக்கும் இடம் தருகிறது, இன்று பல நாடுகளில் இருக்கிறது. சில கூட்டங்களுக்கு நாடு, நேரம் சார்ந்த கட்டுப்பாடு இருக்கும் என்பதால் சேரும் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை. தமிழில் நடப்பவை அநேகமாக ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் தனி ஆட்கள் நடத்தும் சிறு குழுக்கள். இரண்டிலும் இருப்பதில் தப்பே இல்லை. தகவல் படிக்க ஆங்கிலக் குழு, அழுவதற்குத் தமிழ்க் குழு என்று வைத்துக்கொண்டவர்கள் எங்களிடம் நிறைய. யாருக்கும் தெரியாமல் எழுத வேண்டும் என்றால் ரெடிட்டில் 'பேபிலாஸ்', 'மிஸ்கேரேஜ்' என்ற பகுதிகள் இருக்கின்றன. புனைபெயரில் எழுதலாம். ஆனால் அங்கே எழுதுவதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

தேடும்போது உங்கள் நிலைக்கு நெருக்கமான பெயரைப் போடுங்கள். 'மிஸ்கேரேஜ்', 'ஸ்டில்பர்த்', 'நியோநேட்டல் லாஸ்' என்று தனித்தனியாகத் தேடினால் சரியான இடம் சீக்கிரம் கிடைக்கும். குழந்தைக்குப் பெரிய குறை இருப்பது ஸ்கேனில் தெரிந்து கர்ப்பத்தை முடித்துக்கொள்ள நேர்ந்தவர்கள் 'டிஎஃப்எம்ஆர்' (மருத்துவக் காரணத்துக்காகக் கர்ப்பத்தை முடித்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தேட வேண்டும். இவர்களுக்குத் தனிக் குழு தேவை என்பது என் உறுதியான கருத்து. பொதுக் குழுவில் யாராவது ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ, 'நீங்களே முடிவெடுத்ததுதானே' என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரியைத் தாங்கும் நிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்களும் ஆசைப்பட்டுச் சுமந்த குழந்தையைத்தான் இழந்திருக்கிறார்கள்.

குழுவை எப்படி அளப்பது

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஐம்பதாயிரம் பேர் உள்ள குழுவில் ராத்திரி எழுதிய பதிவு காலைக்குள் கீழே போய்விடும். நாற்பது பேர் உள்ள குழுவில் மூன்று பேர் பெயர் சொல்லி விசாரிப்பார்கள்.

விதிகள் எழுதி மேலே பின் செய்யப்பட்டிருக்கின்றனவா என்பது முதல் சோதனை. அவற்றில் நான் தேடுவது சில. குழந்தையின் படம் போடும்போது முன்கூட்டி எச்சரிக்க வேண்டும் என்று இருக்கிறதா? மறுபடி கர்ப்பமானவர்கள் அதைச் சொல்ல வேறு இடம் இருக்கிறதா? மருந்து, சிகிச்சை விற்கிறவர்களுக்குத் தடை இருக்கிறதா? உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கக்கூடாது என்று இருக்கிறதா? 'உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை' என்று ஒருவர் எழுதினால் என்ன செய்வார்கள் என்று இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத குழுவில், அன்பானவர்கள் நிறைய இருந்தாலும், உங்கள் மோசமான இரவுகளைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

சேர்ந்த பிறகு ஒரு வாரம் எதுவும் எழுதாமல் படியுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது திருட்டுத்தனம் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, எங்கள் குழுவில் பாதிப் பேர் படிக்கிறவர்கள்தான். அந்த வாரத்தில் இதைக் கவனியுங்கள். ஒருவர் "இது என் தப்பா?" என்று கேட்டு எழுதியிருப்பார். கேட்காத நாளே இருக்காது. அதன் கீழே என்ன பதில் வந்திருக்கிறது? "நீ மாடிப்படி ஏறினியே, வண்டியில போனியே" என்று யாராவது காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து, அது அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தால், அந்தக் குழுவை விட்டு வெளியே வாருங்கள். ஆரம்ப வாரக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம்களில் தற்செயலாக நேரும் பிழையால் வருகின்றன. படி ஏறியதால் வருபவை இல்லை. நல்ல குழுவில் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். அதைவிட நல்ல குழுவில், அதைச் சொல்வதற்கு முன் "உங்க குழந்தைக்குப் பெயர் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்க ஒருவர் இருப்பார்.

இன்னொன்றும் பாருங்கள். அப்பாக்கள் எழுதினால் பதில் வருகிறதா? யாரும் பதில் போடாத பதிவுக்கு அட்மினாவது ஒரு வரி எழுதுகிறாரா? "கடவுள் காரணமில்லாமல் செய்ய மாட்டார்" என்ற ஆறுதலை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறார்களா, துரத்துகிறார்களா?

புதிதாகச் சேர்ந்த உடனே இன்பாக்ஸில் வந்து அன்பாகப் பேசி, கரு தங்க ஒரு கஷாயம், ஒரு பரிகாரம், ஒரு கோர்ஸ் என்று விலை சொல்கிறவர்கள் எல்லாக் குழுவைச் சுற்றியும் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை. பதிலே போடாமல் அட்மினிடம் சொல்லுங்கள். அட்மினே விற்கிறார் என்றால் அது ஆறுதல் தரும் இடமே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சோதனை உங்கள் உடம்பில் இருக்கிறது. குழுவை மூடியபின் அழுதிருந்தாலும் நெஞ்சு கொஞ்சம் இறங்கியிருந்தால் அது உங்களுக்கு ஒத்துவருகிறது. படபடப்பு ஏறி, தூக்கம் போய், ஒவ்வொருவருடைய கதையும் உங்களுக்கு இனி நடக்கப்போவதாகத் தோன்றினால் அது ஒத்துவரவில்லை. எதுவானாலும், படுக்கப் போகும் நேரத்தில் படிக்காதீர்கள். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, நீங்களே நேரம் வைத்துத் திறப்பது நல்லது.

பெயர், நம்பர், படம்

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும். புரொஃபைல் படத்தையும், கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தீர்கள் என்பதையும் கான்டாக்டில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டுச் சேருங்கள். ஃபேஸ்புக்கில் தனிக் குழு என்றாலும், உங்கள் அலுவலகத்துக்காரர் ஒருவர் ஏற்கெனவே அதில் இருந்தால் உங்களைப் பார்ப்பார். பெயரில்லாமல் பதிவிடும் வசதி இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் அட்மின்களுக்குப் பெயர் தெரியும். மருத்துவமனையின் பெயர், டாக்டர் பெயர், சரியான தேதி மூன்றையும் ஒரே பதிவில் எழுத வேண்டாம். யாரென்று கண்டுபிடிக்க அது போதும். மருத்துவமனையின் மேல் புகார் இருந்தால் அதற்கு முறையான வழியில் போங்கள். ஆத்திரத்தில் குழுவில் எழுதியது பின்னால் உங்களுக்கே பாதகமாகலாம்.

குழந்தையின் படத்தைப் பகிரும் ஆசை வரும். வரத்தான் செய்யும், ஒருவராவது "அழகா இருக்கா" என்று சொல்ல வேண்டும் என்று மனம் கேட்கும். விதிகளைப் பார்த்து, அதற்கென உள்ள இடத்தில் போடுங்கள். போடுவதற்கு முன் துணையிடம் கேளுங்கள். எங்கள் மகளின் படம் எங்கள் இருவருடையது, நான் மட்டும் முடிவெடுக்க முடியாது. பாதங்கள் மட்டும், கை விரல்கள் மட்டும் தெரியும் படம் பலருக்கு நல்ல நடுவழியாக இருந்திருக்கிறது.

முதல் பதிவு

முழுக் கதையையும் எழுத வேண்டியதில்லை. எழுத முடியாமல் தவிப்பவர்களுக்கு நான் அனுப்பும் வடிவம் இது: 'எங்கள் குழந்தையை இத்தனையாவது வாரத்தில் இழந்தோம். அவன் பெயர் இது, அல்லது இன்னும் பெயர் வைக்கவில்லை. இப்போது ரொம்பக் கஷ்டமாக இருப்பது இது. அறிவுரை வேண்டாம், யாராவது இருக்கிறீர்களா என்று தெரிந்தால் போதும்.' கடைசி வரி முக்கியம். அறிவுரை வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லிவிட்டால் வருகிற பதில்களில் முக்கால்வாசி சரியாக அமையும். அறிவுரைதான் வேண்டும் என்றால் குறிப்பாகக் கேளுங்கள்: "வேலைக்குத் திரும்பும் முதல் நாள், 'குழந்தை எப்படி இருக்கு'ன்னு கேட்டா என்ன சொன்னீங்க?" இப்படிக் கேட்டால் பத்துப் பேர் தங்கள் சொந்தப் பதிலைத் தருவார்கள். "எப்படி மீண்டு வருவது" என்று கேட்டால் பொன்மொழிகள் வந்து குவியும்.

வீடியோ கூட்டம் எழுத்தைவிடப் பயமாகத் தெரியும், ஆனால் பலருக்கு அதுதான் அதிகம் உதவுகிறது. எங்கள் கூட்டம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் நடத்துபவர் விதிகளைப் படிப்பார்: ஒருவர் பேசும்போது குறுக்கே போகக்கூடாது, யாருடைய இழப்பையும் இன்னொன்றோடு ஒப்பிடக்கூடாது, எழுந்து போக வேண்டுமென்றால் காரணம் சொல்லாமல் போகலாம். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரும் குழந்தையின் பெயரும் சொல்வார்கள். சொல்ல விரும்பாதவர்கள் 'அடுத்து' என்று மட்டும் சொல்லலாம். கேமராவை அணைத்து வைக்கலாம். திரையில் தெரியும் பெயரை முதல் எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு அப்பா நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து, போனை ஸ்டீரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு வருவார். வீட்டில் ஆட்கள் இருப்பதால் அங்கே பேச முடியாது. பல கூட்டங்களில் அவர் வாயே திறக்கவில்லை. சாட்டில் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும் போடுவார். ஒருநாள் மைக்கைத் திறந்து, தன் மகனின் எடையைக் கிராம் கணக்கில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம், பிறகு இன்னொரு அம்மா தன் குழந்தையின் எடையைச் சொன்னார். பேச என்ன இருக்கிறது என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், இவ்வளவு போதும்.

கூட்டம் முடிந்தவுடன் வேறு வேலைக்கு ஓட வேண்டாம். கால் மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள். முகம் கழுவி, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்.

இருவரும் ஒரே குழுவில் இருந்தாக வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் தினமும் அழுவார், இன்னொருவர் தினமும் வேலை பார்ப்பார். 'உனக்குத் துக்கமே இல்லையா' என்ற சண்டை அங்கேதான் தொடங்குகிறது. மார்கரெட் ஸ்ட்ரோபி, ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் உதவியது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பைப் பார்த்து நிற்பார், ஒரு நேரம் மாறிப்போன வாழ்க்கையின் வேலைகளைப் பார்ப்பார், இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போய்வருவதே இயல்பு. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் நிற்பது அரிது. அவரவர் தனித்தனிக் குழுவில் இருந்தால், வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். துணையின் கதையை அவரிடம் கேட்காமல் எழுதாதீர்கள், அவர் எழுதியதைத் தேடிப் படிக்கவும் செய்யாதீர்கள்.

அப்பாக்களுக்கு ஒன்று. "அவளைப் பார்த்துக்கோ" என்று எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், "நீ எப்படி இருக்கே" என்று ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆண்களுக்கு மட்டும் என்று இருக்கும் கூட்டங்களைத் தேடிப் பாருங்கள். உட்கார்ந்து பேசுவது ஒத்துவராதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 2018-ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில், குழந்தையை இழந்த அப்பாக்கள் 'சாண்ட்ஸ் யுனைடெட்' என்று ஒரு கால்பந்து அணியைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பல ஊர்களில் அணிகள் உருவாகின.

குழுவால் முடியாதவை

மணிக்கு ஒரு பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மயக்கம் இவற்றைக் குழுவில் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை இல்லாமல் பால் சுரப்பது பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான்கு மாதத்துக்கு மேல் சென்ற கர்ப்பத்தில் இழப்பு நேர்ந்தால், சில நாட்களில் பால் வரலாம். அதைத் தாங்கியவிதத்தை மற்ற அம்மாக்களிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் பாலை நிறுத்தும் மாத்திரை டாக்டர் சொல்லித்தான்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. 1987-ல் எடின்பரோவில் உருவான 'இபிடிஎஸ்' என்ற பத்துக் கேள்விப் படிவம் உலகம் முழுவதும் பிரசவத்துக்குப் பின் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. அதை நிரப்பி டாக்டரிடம் காட்டுங்கள், பேச்சைத் தொடங்க அது உதவும். பத்தாவது கேள்வி, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள். 'ஃபைண்ட் எ ஹெல்ப்லைன்' என்ற தளத்தில் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அங்கே உள்ள எண்கள் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து அவரைக் கூப்பிடச் சொல்லலாம். அந்த நிமிடத்தில் குழுவில் பதிவு போட்டுவிட்டுத் தனியாக உட்காராதீர்கள். நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

துக்கம் நோயில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையே நடக்காத அளவுக்கு அது நீடித்தால், 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று அங்கீகரிக்கிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. வீடியோவில் கவுன்சலிங் எடுப்பதானால் முதல் அழைப்பிலேயே, குழந்தையை இழந்தவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு ஒருவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

நாட்கள்

பிரசவத் தேதியாகக் கொடுத்த நாள், இழந்த நாள், முதல் ஸ்கேன் எடுத்த நாள். இவை வரும் வாரத்தில் குழுவில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அன்று யாராவது பெயர் சொல்லி எழுதுவார்கள். அக்டோபர் 15 பல நாடுகளில் கர்ப்பத்திலும் பிறந்த பின்னும் இறந்த குழந்தைகளின் நினைவு நாள். அமெரிக்காவில் அக்டோபர் மாதத்தை 1988-ல் இதற்காக அறிவித்தார்கள். அக்டோபர் 15 மாலை 7 மணிக்கு அவரவர் ஊர் நேரப்படி விளக்கேற்றுவதால், ஒளி ஒவ்வொரு நாடாக நகர்ந்து உலகைச் சுற்றி வருகிறது. அன்று குழுக்களில் படங்கள் நிறைய வரும். பார்க்க முடியாதவர்கள் ஒரு நாள் மியூட் செய்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மறுபடி கர்ப்பமானால் பழைய குழுவில் நேரடியாகப் படம் போட வேண்டாம். முதல் வரியில் 'மீண்டும் கர்ப்பம் பற்றிய பதிவு' என்று எழுதிவிட்டு, சில வரி இடைவெளிவிட்டு எழுதுங்கள். இழப்புக்குப் பிந்தைய கர்ப்பத்துக்கென்று தனிக் குழுக்கள் இருக்கின்றன. அந்தப் பயத்தை அங்கே இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இருக்காது.

எவ்வளவு காலம் இருப்பது என்று கேட்பார்கள். திறக்காமலே வாரங்கள் போகத் தொடங்கினால் கிளம்பலாம். அது குழந்தையை மறந்ததாக ஆகாது. கிளம்பும்முன் நீங்கள் எழுதிய பதிவுகளையும் வந்த பதில்களில் பிடித்தவற்றையும் உங்களுக்காகப் பிரதி எடுத்து வையுங்கள். பல பெற்றோருக்கு அந்த மாதங்களைப் பற்றி எழுத்தில் இருப்பது அது மட்டும்தான். பதிலில் மற்றவர்களின் கதை இருந்தால் அதை வெளியே யாருக்கும் காட்டாமல் உங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அட்மினுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். பெயரைக் குறித்து வைத்துக்கொள்வோம். என்றாவது திரும்பி வந்தால் அந்தச் சின்னப் பெட்டியை நீங்கள் மறுபடி நிரப்ப வேண்டியதில்லை.